வண்டிக்கும் ஒரு பரீட்சை



பரீட்சை என்றால் அது மனிதருக்கு மட்டும் உரியது என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். வீட்டு வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளுக்கும் பரீட்சை உண்டு. அதிலே சிறிய வண்டிகள் எக்காரணத்தால் தவறிவிடுகின்றன என்பதுதான் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். ஓய்வு பெற்ற தலைமையாசிரியருக்கு மோட்டார் சைக்கிளைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். விடைத்தாள் திருத்திய அனுபவம் எனக்கு உண்டு. கடினமான கணக்கில் தவறுகிறவர் சிலர். எளிய கூட்டலில் தவறுகிறவரே பலர். வண்டிகளின் கதையும் அதுவேதான்.

நான் வாழ்வது செஞ்சியில். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலை எங்கள் ஊர் வழியாகப் போகிறது. சுற்றுக் கிராமங்களிலிருந்து பாலும், புல்லுக்கட்டும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் சிறிய வண்டிகளிலேயே வந்து சேருகின்றன. 1980ஆம் ஆண்டில் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 என்னும் மொபெட் வெளிவந்தது. அது முதற்கொண்டு இத்தகைய வண்டி உழவர் வீட்டில் ஓர் எருதின் இடத்தைப் பெற்றுவிட்டது எனலாம். எருதுக்கு நோய் வந்தால் அது தீனி தின்னாது, நாம் அறிந்துகொள்வோம். வண்டியோ நோயோடும் ஓடும். அதுவே அபாயம்.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, சொந்த உபயோகத்துக்கான வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் வண்டியை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குக் கொண்டு சென்று, ஆய்வாளர் முன் நிறுத்திப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அது 5 ஆண்டுகளுக்குச் செல்லும். 2010இல் வாங்கிய வண்டி தன் முதல் முழுப் பரீட்சையை 2025இல்தான் எழுதுகிறது! இடையில் நடப்பது புகைச் சோதனை ஒன்றே. முதல் ஓராண்டு கழிந்தபின், பழைய வண்டிகளுக்கு 6 மாதத்துக்கு ஒரு முறையும், பாரத் ஸ்டேஜ் நான்கு, ஆறு வகை வண்டிகளுக்கு ஆண்டுக்கு ஒரு முறையும் புகைச் சான்று பெற வேண்டும்.

பிற நாடுகளில் இந்தக் காலம் இவ்வளவு நீண்டதன்று. கிரேட் பிரிட்டனில் 1960ஆம் ஆண்டு வண்டிச் சோதனை கட்டாயமாயிற்று. இன்று அங்கே மூன்று வயது கடந்த மோட்டார் சைக்கிள் ஒவ்வோர் ஆண்டும் சோதனைக்குப் போக வேண்டும். நம் தமிழ் மக்கள் வாழும் சிங்கப்பூரிலும் மூன்று வயதுக்கு மேல் ஆண்டுச் சோதனை உண்டு. அங்கெல்லாம் ஆண்டுக்கு ஒரு முறை ஆய்வாளர் செய்யும் வேலையை, இங்கே 15 ஆண்டுகள் வரை நாமே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஆகையால் வண்டிகள் தவறும் காரணங்களை அறிந்துகொள்வது நமக்குத்தான் மிகவும் அவசியம்.

முதற்காரணம் விளக்கு. சிறிய வண்டியின் அதிர்ச்சி தாங்காமல் பல்பின் மெல்லிய இழை அறுந்துபோகிறது. அல்லது ஒயரின் முனையில் துரு ஏறிவிடுகிறது. முன்விளக்கு அணைந்தால் ஓட்டுகிறவருக்குத் தெரியும். பின்விளக்கு அணைந்தால் அவருக்குத் தெரியாது. பின்னால் வரும் லாரிக்காரருக்கும் இவர் இருப்பது தெரியாது! பிரேக் பிடிக்கும்போது எரியும் சிவப்பு விளக்கும் அப்படியே. கைப்பிடியை அழுத்தினாலும் எரிய வேண்டும். கால்மிதியை அழுத்தினாலும் எரிய வேண்டும். ஒன்றில் எரிந்து மற்றொன்றில் எரியாத வண்டிகள் ஏராளம். ஹாரனையும் அத்துடன் அழுத்திப் பார்த்துவிடுவது நல்லது.

இரண்டாவது காரணம் டயர். டயரின் மேல் உள்ள பள்ளங்கள் அழகுக்காக வெட்டப்பட்டவை அல்ல. மழை நீரை அவை பக்கவாட்டில் வெளியேற்றுகின்றன. அதனால் ரப்பர் சாலையைத் தொட முடிகிறது. பள்ளம் தேய்ந்த டயர் ஈரத் தரையில் நீரின்மேல் வழுக்கும். இரு சக்கர வண்டியில் இந்தப் பள்ளத்தின் ஆழம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்பது நம் விதி. அளக்கக் கருவி வேண்டியதில்லை. பள்ளத்தின் அடியில் ஆங்காங்கே சிறு ரப்பர் மேடுகள் உண்டு. டயர் தேய்ந்து அம்மேட்டுக்குச் சமமாகிவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது என்று பொருள்.

மூன்றாவது பிரேக். இங்கே நீங்கள் படித்த இயக்க ஆற்றல் பாடத்தை நினைவுகூருங்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் என்பது வினாடிக்கு ஏறத்தாழ 11 மீட்டர். ஆபத்தைக் கண்டு கை பிரேக்கை நாடுவதற்குள் ஒரு வினாடி கழிந்தால், பிரேக் பிடிக்கு முன்னரே வண்டி 11 மீட்டர் கடந்துவிடுகிறது. அதன்பிறகு நிற்பதற்கு வேண்டிய தூரமோ, வேகம் இரு மடங்கானால் நான்கு மடங்காகும். இவற்றோடு பிரேக் கட்டையும் தேய்ந்திருந்தால் என்னவாகும்? டிரம் பிரேக்கில் கால்மிதி வழக்கத்துக்கு மேல் கீழே இறங்குவதே தேய்மானத்தின் அறிகுறி. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் முதல், 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்குச் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பைக் கட்டாயமாக்கினார்கள், அதற்கு உட்பட்ட சிறிய வண்டிகளில், ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும் அமைப்பாவது இருத்தல் வேண்டும் என்றார்கள். எந்த அமைப்பானாலும் தேய்ந்த கட்டையை அது புதிதாக்கிவிடாது.

நான்காவது காரணத்தைக் கேட்டால் உங்களில் சிலருக்குச் சிரிப்பு வரும். வாலிபர்கள் தாமே கழற்றி எறியும் பொருள்கள்! பக்கக் கண்ணாடி அழகைக் கெடுக்கிறதாம், கழற்றிவிடுகிறார்கள். சைலன்சர் ஊரை எழுப்பும்படி சத்தமிட வேண்டுமாம், மாற்றிவிடுகிறார்கள். பின்சக்கரத்தின் பக்கத்தில் இருக்கும் புடவைக் காப்புக் கம்பியையும் விட்டுவைப்பதில்லை. பின்னால் அமர்கிறவரின் கைப்பிடியும், கால் வைக்கும் இடமும், துணி சக்கரத்தில் சிக்காமல் தடுக்கும் காப்பும் விதிப்படி இருந்தே ஆக வேண்டியவை. பின்னிருக்கையில் அமர்பவர் பெரும்பாலும் உங்கள் தாயோ, தமக்கையோதான். அவர் புடவைத் தலைப்பு சக்கரத்தில் சுற்றிக்கொண்டால் என்னவாகும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

ஐந்தாவது புகை. கறுப்புப் புகை வந்தால், எண்ணெய் அதிகமாகவோ காற்றுக் குறைவாகவோ உள்ளே போகிறது என்று அறியலாம். காற்று வடிகட்டியில் தூசி அடைத்திருப்பது அதற்கு ஒரு சாதாரணக் காரணம். நீலப் புகை வந்தால், இன்ஜின் ஆயில் எரிகிறது. பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடு இவற்றினும் கொடியது. அது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினைப் பற்றிக்கொண்டு, பிராணவாயுவுக்கு இடமில்லாமல் செய்துவிடுகிறது.

இவற்றோடு, தளர்ந்து தொங்கும் செயின், படிக்க முடியாத நம்பர் பலகை, துரு மூடிய சேஸிஸ் எண் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டியல் ஏறத்தாழ முடிந்தது. இவற்றில் எதுவாவது பெரும் செலவு பிடிப்பதா? டயர் நீங்கலாகப் பெரும்பாலானவை ஒரு பட்டறையில் ஒரு காலைப் பொழுதில் தீரக் கூடியவை. வண்டிகள் தவறுவது பெரும்பாலும் கவனக்குறைவினால்தான்.

எங்கள் செஞ்சிக் கோட்டையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 2025ஆம் ஆண்டில் அது உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் இடம் பெற்றது. 1690இல் முற்றுகையிட்ட மொகலாயப் படையை 1698 வரை அக்கோட்டை தாக்குப்பிடித்தது. அதே கோட்டையை 1750ஆம் ஆண்டில் புஸ்ஸி என்னும் பிரெஞ்சுத் தளபதியின் படை ஒரே இரவில் பிடித்துவிட்டது. மலைகள் மூன்றும் அவையேதான். ஆகவே, கல்லும் மதிலும் மட்டும் ஒரு கோட்டையைக் காத்துவிடுவதில்லை. இரும்பும் ரப்பரும் மட்டும் ஒரு வண்டியைக் காத்துவிடுவதும் இல்லை.

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர் இரு சக்கர வண்டியில் சென்றவர்கள். இத்தனை சாவுக்கும் வண்டியின் பழுதே காரணம் என்று நான் சொல்லவில்லை. வேகமும், மதுவும், தலைக்கவசம் அணியாமையும் அதில் பெரும் பங்கு கொண்டவை. ஆனால் ஓட்டுகிறவன் ஒரு நொடி தவறும்போது, அவனைக் காப்பாற்ற எஞ்சி நிற்பவை பிரேக்கும் டயரும் விளக்கும்தான். அவையும் கைவிட்டால் வேறு துணை ஏது?

உங்களில் பலருக்கு இன்னும் 18 வயது நிரம்பியிராது. கியர் வண்டி ஓட்டச் சட்டம் உங்களை அனுமதிக்கவில்லை, அது நியாயமே. ஆனால் வண்டியைச் சோதித்துப் பார்க்க எந்த வயதும் தடையில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை, இருட்டத் தொடங்கும் நேரத்தில், தந்தையின் வண்டியைச் சுவரோரம் நிறுத்தச் சொல்லுங்கள். அவர் பிரேக்கை அழுத்தட்டும். சிவப்பு வெளிச்சம் சுவரில் விழுகிறதா என்று நீங்கள் பாருங்கள். டயரின் பள்ளத்தை விரலால் தடவுங்கள். செயினையும், கண்ணாடியையும், புடவைக் காப்பையும் கவனியுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டு எழுதி வையுங்கள். பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகாது.

பதினைந்து ஆண்டு கழித்து வரும் ஆய்வாளர் வண்டிக்கு மதிப்பெண் போடுவார். வாரந்தோறும் வண்டியைப் பார்க்கும் பிள்ளை, தன் தந்தை வீடு திரும்பும் வழிக்குக் காவல் நிற்கிறான். அந்தக் காவலை இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள்.