கை கோத்து ஆடும் வயது



சிறு குழந்தைகளின் விளையாட்டும் நடனமும் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழாவில் ஆட்டபாட்டம் பற்றிய பேச்சா என்று சில பெற்றோர் முகம் சுளிக்கலாம். "படிக்கத்தானே அனுப்பினோம், ஆடவா அனுப்பினோம்?" என்ற கேள்வியை ஆண்டுதோறும் கேட்டு வருகிறேன். அதில் நியாயம் உண்டு. ஒரு தலைமுறை படித்தால்தான் முதுகிலிருந்து தேயிலைக் கூடை இறங்கும் என்பது அவர்கள் கணக்கு.

ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். தீண்டாமை தொடுதலைத் தடுப்பது. குழந்தை விளையாட்டோ தொடுதலாலேயே நடப்பது. தொட்டுப் பிடிக்கும் ஆட்டத்தில் தொடாவிட்டால் ஆட்டமே இல்லை. சடுகுடுவில் காலைப் பற்றி இழுத்தாக வேண்டும். வட்டமிட்டு ஆடும்போது பக்கத்துப் பிள்ளையின் கையைக் கோத்தே ஆக வேண்டும். யார் கையைப் பற்றலாம், யார் கையை உதற வேண்டும் என்னும் பாடம் ஐந்து வயதில் முற்றாகப் பதிவதில்லை. பத்து வயதுக்குள் ஊர் அதைக் கற்பித்துவிடுகிறது. நாம் அதற்கு முந்திக்கொள்ள வேண்டும்.

வளர்ந்த பின் ஒரே களத்தில் இறங்குவது மட்டும் போதாது என்பதற்குப் பல்வங்கர் பாலுவின் வாழ்க்கை சான்று. தார்வாட்டில் ஒரு தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் பிறந்து, புனேயில் கிரிக்கெட் களத்தைப் பராமரிக்கும் பணியாளராக இருந்து, பந்துவீச்சாளராக உயர்ந்தவர் அவர். அவர் வீசிய பந்தை உயர்சாதி ஆட்டக்காரர்கள் கையால் பிடித்தார்கள். தேநீர் வேளையில் மட்டும் அவருக்குத் தனியே, வெளியில், மண்குவளையில் தேநீர். 1911இல் இந்திய அணியோடு இங்கிலாந்து சென்று 114 விக்கெட்டுகள் வீழ்த்திய பின்னரும் இந்துக்கள் அணியின் தலைமைப் பதவி அவருக்கு வழங்கப்படவில்லை. 1923இல் அவருடைய தம்பி விட்டலுக்குத்தான் அது கிடைத்தது. பந்துக்கு இல்லாத தீட்டு குவளைக்கு எங்கிருந்து வந்தது?

நம் பைக்காராவுக்கு வருவோம். இங்கே ஆற்றுக்குக் குறைவில்லை. 1932 முதல் அதிலிருந்து மின்சாரமே எடுக்கிறார்கள். சமதளத்துக்குத்தான் பஞ்சம். பந்தை ஓங்கி உதைத்தால் அது பள்ளத்துக்குப் போய்விடும். எடுத்து வருவதற்குள் மணி அடித்துவிடும். ஆகவே சிறு வகுப்புகளுக்கு நொண்டி, பாண்டி, கண்ணாமூச்சி போன்றவற்றையே முதலில் பழக்குவது நல்லது. ஆனி, ஆடி மழையில் வகுப்பறைக்குள்ளேயே கும்மியும் கோலாட்டமும் ஆடலாம். முதல் மூன்று ஆண்டுகளுக்குப் பரிசும் வேண்டா, தேர்வும் வேண்டா. பரிசு வந்ததும் வேகமாக ஓடும் நான்கு பிள்ளைகள் ஆடுவார்கள். மற்ற முப்பது பேர் கைதட்டுவார்கள்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டிடமும் விளையாட்டுப் பொருள்களும் வேண்டும் என்கிறது. ஆனால் உடற்கல்விக்கெனப் பகுதிநேரப் பயிற்றுநரை அது கேட்பது 6 முதல் 8ஆம் வகுப்பு வரை, அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேற்பட்ட பள்ளியில். சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு வகுப்பாசிரியரே கதி. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தலைமையாசிரியரும் நொண்டியடிக்கலாம். மதிப்பு ஒன்றும் குறைந்துவிடாது.

இனி நடனம். இதில்தான் நமக்குள் கருத்து வேறுபாடு. பறையைத் தொடவே கூடாது என்று நம் பெரியவர்கள் சிலர் உறுதியாக இருக்கிறார்கள். பிறர் வீட்டுச் சாவுக்குக் கட்டாயமாக அடிக்க வைக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் அவர்கள். அந்த உறுதியை வணங்குகிறேன். ஆனால் நம் மலையின் கோத்தரைப் பாருங்கள். அவர்களும் பிறர் சாவுகளுக்கு வாத்தியம் வாசித்தவர்கள்தாம். அந்த ஊழியத்தைக் கைவிட்டார்கள், வாத்தியத்தைக் கைவிடவில்லை. தங்கள் கம்பட்டராயர் திருவிழாவில் இன்றும் குழலும் பறையும் முழங்க வட்டமிட்டு ஆடுகிறார்கள். பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டதையும் அறிவீர்கள்.

ஒரு நிபந்தனையோடுதான் பறையை நான் பள்ளிக்குள் விடுவேன். ஆண்டுவிழாவில் பரதநாட்டியத்துக்கு ஒரு தெருப் பிள்ளைகளையும் பறையாட்டத்துக்கு வேறு தெருப் பிள்ளைகளையும் பொறுக்கி நிறுத்துவதைச் சில இடங்களில் கண்டிருக்கிறேன். அது கலை வளர்ப்பு அன்று. பழைய ஊழியத்துக்குப் புதுச் சட்டை. பறையை எல்லாப் பிள்ளைகளும் பழக வேண்டும். பரதத்தில் நம் பிள்ளைகளும் முன்வரிசையில் நிற்க வேண்டும். இதற்கு இசையாத பள்ளியில் நம் குழந்தை பறையை ஏந்த வேண்டியதில்லை.

சங்கத்தாருக்கு இரண்டு வேண்டுகோள். நம் கூடத்தின் பின்னுள்ள சரிவை இரண்டு படிகளாக வெட்டி, கல்லடுக்கி, நீர் வடிய வாய்க்கால் விட்டுத் தாருங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மண் சுமக்க ஆசிரியர்கள் நாங்கள் வருகிறோம். அடுத்து, சிறுவர் தோளுக்கேற்ற பறைகள் நான்கு வேண்டும். நம் ஊர் ஈரத்தில் தோல் தளர்ந்துவிடும். தீயில் காய்ச்சினால்தான் ஒலிக்கும். ஆதலால் விறகுக்கும் சேர்த்தே தொகை ஒதுக்குங்கள்.