கிளினிக் நாளில் பேர் போகக் கூடாது
(இறக்கக்கண்டி குடும்ப ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



1977 வன்செயலுக்குப் பிறகு தோட்டங்களை விட்டு வடக்கு, கிழக்குக்கு வந்து குடியேறிய நம் உறவுகள் பலர். அவர்களோடு சேர்ந்து இன்று இறக்கக்கண்டியில் உட்கார்ந்திருக்கிறோம். லயத்தில் யாரும் வாய்விட்டுப் பேசாத ஒரு நோயை இங்கே பேசுவோம். அதுதான் சொரியாசிஸ். சித்த வைத்தியத்தில் காளாஞ்சகப்படை என்பார்கள்.

எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருத்தியின் தாய் கொழுந்து பறிப்பவர். கையிலும் முழங்காலிலும் தோல் சிவந்து, தடித்து, வெள்ளைச் செதிலாக உதிர்கிறது. அவர் பீலிக்கு வந்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகுகிறார்கள். இது தொட்டால் ஒட்டும் நோயல்ல. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தோலைத் தூண்டிவிடுகிறது. ஒரு மாதத்தில் வளர வேண்டிய தோல் சில நாட்களில் வளர்ந்து செதிலாகிறது. இது தொற்றாத, நாட்பட்ட நோய் என்று 2014இல் உலக சுகாதார மாநாடும் தீர்மானம் நிறைவேற்றியது.

வேரோடு அறுக்கும் மருந்து இன்னும் இல்லை. அப்படிச் சொல்பவரிடம் காசைக் கொடுக்காதீர்கள். ஆனால் நோயை அடக்கி வைக்க வழி உண்டு. லேசாக இருந்தால் பூசு மருந்து போதும். பத்து உள்ளங்கை அளவுக்கு மேல் பரவினாலோ, வேலை செய்யும் கையிலும் பாதத்திலும் வந்தாலோ, பெரும்பாலும் அதற்கு மேலான வைத்தியம் வேண்டும்.

ஒன்று, மெத்தோட்ரெக்சேட் குளிசை. மலிவானது, பல ஆண்டுகள் பாவிக்கலாம். வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் எடுக்க வேண்டும். தவறி தினமும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. அந்தக் கிழமையைக் கலண்டரில் வட்டமிடுங்கள். இரத்தப் பரிசோதனை தவறக் கூடாது. ஈரலைக் கெடுக்கும் என்பதால் சாராயம், கசிப்பு கூடாது. கர்ப்பத்தில் கூடவே கூடாது.

இரண்டு, ஒளிச் சிகிச்சை. இரத்தப் பரிசோதனைத் தொல்லை இல்லை. ஆனால் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, சில மாதங்கள் போக வேண்டும்.

மூன்று, அசிட்ரெட்டின். நிறுத்திய பிறகும் மூன்று ஆண்டுகள் கர்ப்பம் தரிக்கக் கூடாது. பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் இதை முதலிலேயே வைத்தியரிடம் பேச வேண்டும்.

நான்கு, உயிரியல் ஊசிகள். நன்றாகக் கேட்கும், விலை மிக அதிகம். போடுமுன் காசநோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எதுவானாலும் நாமாக நிறுத்தக் கூடாது. ஸ்டீரொய்ட் குளிசையைத் திடீரென விட்டால் நோய் சீறிக்கொண்டு வரும். மூட்டு வீங்கினால், காலையில் விரல் மடங்காவிட்டால், அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். சொரியாசிஸ் மூட்டையும் தாக்கும்.

இதில் எது நல்லது என்று கேட்பீர்கள். நம்மால் விடாமல் தொடரக்கூடியதே நல்லது. அந்தத் தாய் குளிசையை நிறுத்தியது மறதியால் அல்ல. அரசாங்க வைத்தியசாலையில் வைத்தியம் இலவசம்தான், ஆனால் போகும் நாளுக்குப் பேர் கிடையாது. மூன்று கிளினிக் போனார், மூன்று பேர் போனது. நாலாவது தடவை கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போய்விட்டார்.

ஆகவே வைத்தியரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: எத்தனை நாளுக்கு ஒரு தடவை வர வேண்டும்? என்ன பரிசோதனை? கர்ப்பத்துக்கு ஆகுமா? வேறு வழி உண்டா? நம் வேலை என்ன என்பதையும் சொல்லுங்கள்.

சங்கம் கேட்பது இதுதான்: கிளினிக் துண்டைக் காட்டினால் அன்றைக்கு முழுப் பேர் போட வேண்டும். தலைவர்மாரே, அடுத்த பேச்சுவார்த்தைப் பட்டியலில் இதை எழுதுங்கள். பீலியில் விலகி நிற்பவர்களே, இன்றிலிருந்து குடத்தைப் பக்கத்தில் வையுங்கள்.