சொல்லால் நடக்கும் விளையாட்டும் பொதுப் பட்டறையும்

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





விளையாட்டைப் பற்றிப் பேசுவதற்கு இம்மேடை தகுந்ததோ எனப் பெரியோர் சிலர் ஐயுறக்கூடும். கணினி விளையாட்டு என்றதும், கண்ணைக் கெடுப்பது, படிப்பைக் கெடுப்பது, பொழுதைக் கெடுப்பது என்ற எண்ணமே நம் வீடுகளில் முந்தி எழுகின்றது. அவ்வச்சம் முற்றும் ஆதாரமற்றதன்று. ஆயினும் நாம் இன்று எடுத்துக்கொண்ட விளையாட்டிற் படம் இல்லை, ஓசை இல்லை, துப்பாக்கியும் இல்லை. சொல் ஒன்றே அதன் கருவி. திரையில் ஓர் இடம் நான்கு வரிகளில் வருணிக்கப்படும். ஆடுபவர் “வடக்கே போ”, “விளக்கை எடு” என்று எழுதுவார். அதன் விளைவைப் பொறி மறுபடியும் சொற்களாலே தெரிவிக்கும். வாசிக்கவும், சிந்திக்கவும், எழுதவும் அறியாதவர் இதனை ஆட இயலாது.

இவ்வகை விளையாட்டின் பிறப்பு ஒரு தந்தையின் அன்போடு தொடர்புடையது. வில் குறோதர் என்னும் அமெரிக்கர், இன்றைய இணையத்தின் முன்னோடியாகிய ஆர்ப்பாநெற் வலையமைப்பை உருவாக்கிய நிறுவனத்திற் பணியாற்றியவர். குகைகளை ஆராய்வதிலும் ஈடுபாடுடையவர். மணவாழ்வு முறிந்து பிள்ளைகளைப் பிரிந்திருந்த காலத்தில், 1975, 1976 ஆம் ஆண்டுகளையொட்டி, தம் புதல்வியர் ஆடி மகிழும் பொருட்டு, கென்ரக்கி மாநிலத்து மம்மத் குகைத் தொகுதியிலே தாம் நடந்தறிந்த பகுதியைச் சொற்களால் அமைத்தார். கணினி அறியாதவரும் அஞ்சாது அணுக வேண்டும் என்பதே அவரது கருத்து. அதனாலன்றோ குறியீடுகளை விடுத்துச் சாதாரண மொழியிலே கட்டளை இடும்படி செய்தார். பின்னர் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்திலிருந்த டொன் வூட்ஸ் என்னும் இளைஞர் அவருடைய இசைவோடு அதனை விரித்து 1977 இல் வெளிவிட்டார். ‘அட்வெஞ்சர்’ என்பது அதன் பெயர்.

அவ்விளையாட்டில் உள்ள ஒரு சிறு ஏற்பாட்டை இங்கே எடுத்துக்காட்ட விரும்புகின்றோம். குகை இருளானது; ஆடுபவரிடம் ஒரு விளக்கு உண்டு. அதன் ஆயுள் 330 நகர்வுகள். அதற்குப் பின் ஒளி மங்கும். இருளில் நடப்பவர் குழியில் வீழ்ந்து மடிவார். ஆனால் தொடக்கத்திலேயே பொறி, “விளக்கம் வேண்டுமா?” என வினவும். “வேண்டும்” என்று விடையளித்தவருக்கு விளக்கின் ஆயுள் 1000 நகர்வுகளாக நீட்டப்படும். அதற்கு ஈடாக, மொத்தப் புள்ளிகள் 350 இல் வெறும் ஐந்தே குறையும். தெரியாதென்று ஒப்புக்கொண்டவருக்கு மும்மடங்கு வெளிச்சம்! அறிந்தவர்போல் நடந்தவருக்குக் குறுகிய வெளிச்சம். இதனை எழுதியவர் சமய போதகர் அல்லர், ஒரு மாணவர். எனினும் இதிலே ஓர் அறம் பொதிந்துள்ளது என்பதை யார் மறுப்பார்?

இனிப் பொதுப் பட்டறைக்கு வருவோம். தச்சுக் கருவிகளும், மின்வேலைக் கருவிகளும், முப்பரிமாண அச்சுப்பொறியும், லேசர் வெட்டும் பொறியும் ஓரிடத்தில் வைக்கப்பட்டு, ஊரவர் எவரும் வந்து கற்று ஆக்கும் கூடங்கள் இன்று பல நாடுகளில் உள. மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் நீல் கேர்சன்பெல்ட் என்னும் பேராசிரியர் 1998 இல் தொடங்கிய வகுப்பொன்று இவ்வியக்கத்தின் ஊற்றுக்களில் ஒன்று. அந்நிறுவகத்தின் வழிவந்த கூடங்களுள் ஒன்று 2002 ஆம் ஆண்டிலேயே மகாராட்டிர மாநிலத்துப் பாபல் என்னும் கிராமத்து விஞ்ஞான ஆச்சிரமத்தில் அமைந்தது. பெருநகரங்களுக்கே உரியதன்று இம்முயற்சி என்பதற்கு இது சான்று.

எனினும், கதவு திறந்திருந்தால் மாத்திரம் போதாது. புதியவர் வாசலில் நின்று உள்ளே பார்க்கிறார். எதைத் தொடலாம், எதைத் தொடலாகாது என்று தெரியவில்லை. கேட்டால் நகைப்பார்களோ என்ற கூச்சம். “பிறகு வருகிறேன்” என்று சொல்லிப் போனவர் பின்னர் வருவதேயில்லை. பொறிகளின் விலை பற்றிப் பேசுவோர் இந்த இழப்பைக் கணக்கில் எழுதுவதில்லை. இவ்விடத்திலேதான் சொல் விளையாட்டு உதவும் என்பது எமது துணிபு.

பட்டறையையே களமாகக் கொண்ட விளையாட்டொன்றைக் கற்பனை செய்வோம். வாசல், கருவி அலுமாரி, மரவேலை அறை, மின்வேலை மேசை, லேசர் அறை ஆகிய ஐந்து இடங்கள் போதும். பண்டக அறை இருண்டு கிடக்கின்றது. அதற்கொரு சிறு விளக்கைத் தம் கையாற் செய்வதே ஆடுபவரின் கடமை. ஒன்பது வோற்று மின்கலம், 470 ஓம் தடையி, ஒளிகாலும் இருவாயி, தாங்குவதற்கு ஒரு மரத்துண்டு ஆகியவற்றைத் தேடிச் சேர்க்க வேண்டும். தடையியை மறந்து இணைத்தால் இருவாயி கருகும்; பெட்டியில் வேறொன்று இருக்கும். கால்களை மாற்றி இணைத்தால் ஒளி வராது. “நெடிய கால் நேர்முனைக்குரியது” எனப் பொறி நினைவூட்டும். இவை திருத்தக்கூடிய பிழைகள். இவற்றைச் செய்தே கற்க வேண்டும்.

திருத்த முடியாத பிழைகளும் உண்டு. சுழலும் துளைபொறியின் அருகே கையுறை அணிந்து நின்றால் அது கையையும் சேர்த்து இழுத்துவிடும். பி.வி.சி. பிளாத்திக்கை லேசரால் வெட்டினால் நச்சு வாயு எழும். பற்றாசுக்கோலின் முனை ஏறத்தாழ 350 பாகை வெப்பமுடையது. இவற்றை விளையாட்டு மறைக்கலாகாது, இலேசாகவும் காட்டலாகாது. ஆடுபவர் அக்கட்டளையை இடும்போது பட்டறைப் பெரியவர் குறுக்கிட்டுக் காரணத்தைச் சொல்லித் தடுக்க வேண்டும். “பெரியவரிடம் கேள்” என்னும் கட்டளை எப்போதும் செல்லுபடியாக வேண்டும். வூட்ஸ் ஐந்து புள்ளிகளைக் குறைத்தார். நாமோ ஒன்றையும் குறைக்கமாட்டோம். கேட்பதற்கு விலை வைத்தால் கூச்சமுடையவர் கேளாமலே இருந்துவிடுவார்.

இதனைத் தமிழில் எழுதப் புகுவோருக்குச் சுவையான சிக்கல்கள் காத்திருக்கின்றன. பழைய ஆங்கில விளையாட்டு, ஒரு சொல்லின் முதல் ஐந்து எழுத்துக்களை மாத்திரமே நோக்கும். தமிழிலோ வேற்றுமை உருபு சொல்லின் இறுதியில் ஏறுகின்றது. “விளக்கு”, “விளக்கை”, “விளக்கினை” எல்லாம் முன்பகுதியில் ஒன்றே. அங்கே அம்முறை நமக்கும் உதவும். ஆனால் “வாள்” என்பதும் “வாளி” என்பதும் உருபேற்று “வாளை”, “வாளியை” என நிற்கும்போது, முன்னெழுத்தை மாத்திரம் பார்க்கும் பொறி, வாளி கேட்டவருக்கு வாளைக் கொடுத்துவிடும்! ஆதலின் ஒவ்வொரு பெயருக்கும் அதன் வடிவங்களைத் தனித்தனியே பொறிக்குக் கற்பிக்க வேண்டும். பாடசாலையில் நாம் சலிப்போடு மனனம் செய்த வேற்றுமை இலக்கணம் இங்கே உயிருள்ள கருவியாகின்றது. அதுபோலவே, பொறி ஆடுபவரை எவ்வாறு விளிப்பது? “நீ” என்றால் முதியவர் மனம் நோவார். “நீர்” என்றால் சிலர்க்கு அந்நியமாகும். “நீங்கள்” என்பதே எல்லார்க்கும் பொருந்தும். ஆங்கிலத்தில் எழுதுபவர்க்கு இக்கேள்வியே எழாது.

இதற்குப் பெரும் பொருள் வேண்டுமா? வேண்டியதில்லை. 2009 இல் கிறிஸ் கிளிமாஸ் என்பவர் வெளியிட்ட ‘ருவைன்’ என்னும் மென்பொருள் இலவசமானது. அதிலே கட்டளை எழுதுவதற்குப் பதிலாக, சொற்களைத் தெரிவுசெய்து கதையை நகர்த்தலாம். ஆதலின் உருபுச் சிக்கல் இன்றியே முதல் முயற்சியைச் செய்து முடிக்கலாம். பின்னர் ‘பைதன்’ போன்ற மொழியிற் கட்டளைகளை அறியும் பொறியை அமைக்கலாம். தச்சுத் தொழில் அறிந்த மூத்தவர் ஒருவர், தமிழிலக்கணம் அறிந்த மாணவி ஒருவர், கணினி அறிந்த இளைஞர் ஒருவர் என மூவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்தால் வேலை தொடங்கிவிடும். மூத்தவரின்றி இளைஞர் இதனைச் செய்ய இயலாது. வாள் எவ்வாறு வழுக்கும் என்பதை அவரல்லாது யார் சொல்வர்?

திரையில் வாளைப் பிடித்தவர் கையில் வாளைப் பிடித்தவராகார் என்று பெரியோர் கூறுவர். உண்மையே. மரத்தின் நாரும், இரும்பின் சூடும் சொல்லால் வருவனவல்ல. விளையாட்டின் பணி வாசலோடு முடிகின்றது. அஞ்சி நின்றவரை அறிந்தவராக உள்ளே அனுப்புவதே அதன் கடமை. அதற்கப்பால் குருவும் கையும் வேண்டும்.

நம் சமயத்தவர்க்கு இது புதியதும் அன்று. நவராத்திரியில் நூல்களோடு தொழிற்கருவிகளையும் அம்பிகையின் திருமுன் வைத்து வணங்குகின்றோம். சொல்லும் கருவியும் அங்கே ஒரே பீடத்தில் இருக்கின்றன. விசயதசமியில் ஏடு தொடக்கும்போது, அரிசியிலே குழந்தையின் விரலைப் பிடித்து அகரம் எழுதுவிக்கின்றோம். “உனக்கு இது தெரியாதா?” என்று அக்குழந்தையை எவரும் கேட்பதில்லை. அந்தப் பொறுமையை இருபது வயதினருக்கும் அறுபது வயதினருக்கும் நாம் ஏன் மறுக்க வேண்டும்?

இளைஞர்களே, பிறர் ஆக்கிய விளையாட்டுக்களை ஆடிக் களைத்தது போதும். ஒன்றை ஆக்கிப் பார்ப்போம். மூத்தோர்களே, உங்கள் கைத்திறனை எமக்குச் சொல்லாகத் தாருங்கள். அதனை வாசலில் நிற்பவர் கையில் நீண்ட விளக்காகக் கொடுப்போம்.