வணிகம் பயிலும் பிள்ளைகள் தொழில் தொடங்கத் துணிவது எதனால்?

(பெற்றோர் - மாணவர் கூட்டத்தில் நம் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

 

நம் மஹல்லாவில் பி.பி.ஏ., எம்.பி.ஏ. படிக்கும் பிள்ளைகள் பெருகியிருக்கிறார்கள். வணிகத்தையே பாடமாகப் படித்தும், அவர்களில் பலர் பிறரிடம் வேலை தேடியே புறப்படுகின்றனர். கடை நடத்திக் குடும்பத்தைக் காத்த தந்தையரே, "நான் பட்ட பாடு போதும், நீ சம்பளத்துக்குப் போ" என்கிறார்கள். அந்த அச்சத்தைக் குறை கூறுவதற்கில்லை.

ஐசக் அய்சென் என்னும் உளவியல் அறிஞர் 1991இல் வெளியிட்ட கட்டுரையைக் கொண்டே ஆய்வாளர்கள் பலர் இன்றும் மாணவர்களின் தொழில் நாட்டத்தை அளக்கிறார்கள். அச்செயலைத் தன் உள்ளம் விரும்புகிறதா, தனக்கு வேண்டியவர்கள் அதை ஏற்பார்களா, தன்னால் அது முடியுமா என்ற மூன்றும் சேர்ந்தே எண்ணம் உருவாகிறது என்பது அவர் கருத்து. இரண்டாவது முழுக்க நம்மிடம் இருக்கிறது, பெரியோர்களே!

சென்னை மடிப்பாக்கத்தில் ஏழைக் குடும்பத்தில் வளர்ந்தவர் சரத்பாபு. தாயார் இட்லி விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தில் படிப்பை முடித்த அவர், பெருஞ்சம்பள வேலையை நாடாமல், 2006இல் 'ஃபுட்கிங்' என்னும் உணவு நிறுவனத்தைத் தொடங்கினார். பிறருக்கு வேலை தர வேண்டும் என்பதே அவர் கூறிய காரணம். கொள்முதல், விலை, மீதி எல்லாவற்றையும் வகுப்பறைக்கு முன்பே வீட்டு அடுப்படியில் பார்த்தவர் அவர். ஆகவே, விடுமுறையில் பிள்ளையைக் கல்லாவில் அமர வையுங்கள். கடன் நோட்டையும் மறைக்காமல் காட்டுங்கள்.

முதலுக்கு என்ன வழி? தமிழக அரசின் 'நீட்ஸ்' திட்டம் 2012-13 முதல் பட்டதாரிகளுக்குப் பயிற்சியும் 25 விழுக்காடு மானியமும் தருகிறது. பெரும்பகுதி வங்கிக் கடன். வட்டியில் 3 விழுக்காட்டை அரசு ஏற்றாலும், மீதி வட்டிதானே! பேணுதலுள்ள நம் பிள்ளைகள் இவ்விடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள்.

நம் மார்க்கத்தில் முளாரபா என்னும் முறை உண்டு. ஒருவர் முதல் போட, மற்றவர் உழைக்க, லாபத்தை முன்பே பேசிய விகிதத்தில் பங்கிடுவார்கள். உழைத்தவரின் தவறின்றி நஷ்டம் வந்தால், முதல் போட்டவர் முதலையும் உழைத்தவர் உழைப்பையும் இழப்பர்; பிள்ளை கடனாளியாக மாட்டான். நம் மஹல்லா வணிகர்கள் சிலர் இணைந்து, ஆண்டுக்கு ஒரு மாணவருக்காவது இவ்வாறு முதல் தர முன்வரலாம். மாதந்தோறும் கணக்கு எழுதிக் காட்டுவது மட்டும் கட்டாயம். எம்.பி.ஏ. படித்த பிள்ளைக்குக் கணக்கு எழுத நாம் கற்றுத்தர வேண்டியிராது!