பிந்தின பீரியட்டும் மூடின வாயும்

(இல்ஃபோர்ட் சந்திப்பொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



எங்கட சனம் பெண்பிள்ளையின்ர முதல் பீரியட்டுக்கு ஹோல் எடுத்து, கார்ட் அடிச்சு, சாமத்திய வீடு செய்யும். அதே பிள்ளைக்கு இருபது வயசில பீரியட் பத்து நாள் பிந்தினால், சொல்லுறதுக்கு வீட்டில ஒரு ஆள் இல்லை. வந்தால் ஊருக்கே செய்தி; வராட்டி இரகசியம். அந்த இரகசியத்தைப் பற்றித்தான் கதைக்கப் போறன்.

முதலில் உடல். பீரியட் 28 நாளுக்கொருக்கா மணிக்கூடு மாதிரி வரவேண்டும் என்றில்லை. 21 முதல் 35 நாள் வரை வழமைதான். மன அழுத்தம், எடை மாற்றம், தைரொய்ட், பிசிஓஎஸ் எல்லாம் அதைக் குழப்பும். அவசரக் கருத்தடைக் குளிசை எடுத்தாலும் அடுத்த பீரியட் முந்தலாம், பிந்தலாம். ஹோர்மோன் கருத்தடை பாவிக்கிற சிலருக்கு இரத்தம் குறையும், நின்றும் போகும்.

ஆனால் "கொஞ்சம் பட்டது, அப்ப கர்ப்பமில்லை" என்று முடிவெடுக்காதேங்கோ. கர்ப்பத்தின் தொடக்கத்திலும் இலேசாகக் கசியலாம். பீரியட் வரவேண்டிய நாள் தவறினால் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கோ. அந்த நாள் தெரியாட்டி, பாதுகாப்பில்லாத உறவு நடந்து 21 நாள் கழித்துச் செய்யுங்கோ. கர்ப்பம் என்று காட்டி, அடிவயிற்றில் ஒரு பக்கம் கடும் நோ, தோள் நுனியில் நோ, மயக்கம் இருந்தால், கரு கருப்பைக்கு வெளியே வளரக்கூடும். உடனே 999.

உறவு நடந்து ஐந்து நாள் ஆகவில்லையா? யூலிப்ரிஸ்டல் குளிசைக்கு 5 நாள் அவகாசம், லெவோநோர்ஜெஸ்ட்ரலுக்கு 3 நாள். 2025 ஒக்டோபரிலிருந்து இங்கிலாந்தின் பெரும்பாலான பார்மசிகளில் இவை இலவசம். எல்லாவற்றிலும் பலன் கூடியது செப்புக் கொயில்.

கர்ப்பம் உறுதியாகி, வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்தால், 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வழி இருக்கிறது. 10 கிழமைக்குள் என்றால் தொலைபேசி ஆலோசனைக்குப் பிறகு குளிசையை வீட்டிலேயே எடுக்கலாம். 2022 ஓகஸ்டில் இது நிரந்தரமானது. ஜிபியைக் கேட்கத் தேவையில்லை, நேரடியாகவே கிளினிக்குக்கு எடுக்கலாம். அம்மா அப்பாவுக்குச் சொல்லமாட்டினம். இலங்கையிலோ, 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவைப்படி தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே கருக்கலைப்புக்கு அனுமதி. அந்தப் பயத்தை எங்கட அம்மாமார் பெட்டியோட கொண்டு வந்தவை.

ஆனால் இங்கேயும் உரிமை எல்லாருக்கும் ஒன்றில்லை. 2015ஆம் ஆண்டு விதிகளின்படி கருத்தடை யாருக்கும் இலவசம்; கருக்கலைப்பு அந்தச் சலுகைக்குள் இல்லை. சுகாதாரக் கட்டணம் கட்டி விசா எடுத்த மாணவிக்கும் அகதி விண்ணப்பம் போட்டவருக்கும் பிரச்சினையில்லை. விசா முடிந்த பெண்ணுக்கு பில் வரலாம். 500 பவுண் கடனைக் கட்டாவிட்டால் விபரம் உள்துறை அமைச்சுக்குப் போகலாம். ரெஸ்ரோரண்ட் குசினியில காசு கையில வாங்கி வேலை செய்யிற எங்கட அக்காமார்தான் அந்தப் பெண்கள். "என் உடல் என் உரிமை" என்ற கோஷம் அவையின்ர பாஸ்போர்ட் முத்திரையில வந்து நிற்குது. அந்தக் கட்டண விதியை எதிர்க்கிறது எங்கட வேலை.

இன்றைக்கே செய்யக்கூடியதும் இருக்கு. ஒருத்தி "பிந்திப்போச்சு" என்றால் "ஆர் பெடியன்?" என்று கேட்காதேங்கோ. "பரிசோதனை செய்தாச்சா? நானும் வரட்டா?" என்று கேளுங்கோ. ஆங்கிலம் கஷ்டமென்றால், சொந்தக்காரரைக் கூட்டிக்கொண்டு போகாமல் கிளினிக்கிலேயே மொழிபெயர்ப்பாளரைக் கேட்கச் சொல்லுங்கோ.