மணலில் கிடைத்த மோதிரம் யாருக்கு உரியது?



முசரவாக்கத்திலிருந்து விடுமுறை நாட்களில் நாம் குடும்பத்துடன் மாமல்லபுரம் கடற்கரைக்குச் செல்கின்றோம். அலையில் கால் நனைக்கும்போது விரலிலிருந்து நழுவும் மோதிரமும் காதிலிருந்து கழன்ற கம்மலும் மணலுக்குள் புதைந்துவிடுகின்றன. அவற்றைக் காட்டித்தர மெட்டல் டிடெக்டர் என்னும் கருவி இன்று விலைக்குக் கிடைக்கிறது. அதன் கம்பிச்சுருள் காந்தப் புலத்தை எழுப்பும். அடியில் உலோகம் இருந்தால் ஒலிக்கும். கருவி இல்லாதவர்களும் தேடத்தான் செய்கிறார்கள். 2020 நவம்பரில் நிவர் புயல் ஓய்ந்தபின், ஆந்திராவின் உப்பாடா கடற்கரையில் பொன்மணிகள் ஒதுங்கியதாகக் கேள்விப்பட்டு ஊரே திரண்டு மணலைத் துழாவியது.

கருவி ஒலித்ததனால் மட்டும் பொருள் நமதாகிவிடுமா? பெயர் பொறித்த மோதிரத்தைப் பாருங்கள். அது நிச்சயம் ஒருவருடையது. ஒருவேளை மகளின் திருமணத்திற்கென ஓர் ஏழை நெசவாளி சிறுகச் சிறுகச் சேர்த்ததாக இருக்கலாம். இதனை மார்க்கச் சட்டம் 'லுக்தா' என்கிறது. பையையும் அதைக் கட்டிய கயிற்றையும் நன்கு அடையாளம் கண்டு வைத்து, ஓராண்டு அறிவிக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அடையாளத்தை ஏன் கவனிக்க வேண்டும்? உரிமை கோரி வருபவர் அதைச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே. ஆகவே "மோதிரம் கிடைத்தது" என்று மட்டும் அறிவியுங்கள். கல்லின் நிறத்தை நீங்களே சொல்லிவிடாதீர்கள்! ஓராண்டுக்குப் பின் அதைச் செலவிட்டிருந்தாலும், உரியவர் வந்துவிட்டால் மதிப்பைக் கொடுப்பது கடமை.

முற்காலத்தவர் புதைத்த பொன் வெள்ளி வேறு வகை, அது 'ரிகாஸ்'. அதில் ஐந்தில் ஒரு பங்கு கொடுத்தாக வேண்டும். நாட்டின் சட்டமும் இங்கே குறுக்கிடுகிறது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்துகிடந்த பொருள் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தவருக்குப் பங்குமில்லை, தண்டனையும் உண்டு. நம் மாவட்டத்து உத்திரமேரூரில் 2020 டிசம்பரில் கோயில் திருப்பணியின்போது கிடைத்த பொன் அரசுக் கருவூலத்திற்கே சென்றது. மாமல்லபுரத்தில் தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னங்களின் அருகே தோண்டுவது தனிக் குற்றம்.

கடலே ஈன்று கரையில் தள்ளும் அம்பர் ரிகாஸ் ஆகாது என்பது இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் கருத்து. ஆனால் இந்தியாவில் அதை விற்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்பதால், அந்த ஆசையையும் விட்டுவிடுங்கள்.

மற்றொன்று, சகோதரர்களே! கண்டெடுத்த பொருளைப் பற்றி மிம்பரில் வாசிக்கும்படி சீட்டு அனுப்பாதீர்கள். தொலைந்த பொருளைப் பள்ளிக்குள் கூவித் தேடுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். தொழுகை முடிந்து மக்கள் வெளியேறும்போது வாசலில் நின்று அறிவியுங்கள். கடைத்தெருவிலும், பொருள் கிடைத்த கடற்கரையிலும் அறிவியுங்கள்.