ஒப்பரேஷனுக்குப் பிறகு காலை முடக்கிப் போடாதீர்கள்

(மாதர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மலையில் கொழுந்தெடுக்கும் நாளில் நம் கால்களுக்கு ஓய்வே இல்லை. ஒப்பரேஷன் செய்து கட்டிலில் கிடக்கும் நாட்களில்தான் அவை அசையாமல் இருக்கின்றன. சிசேரியன், கர்ப்பப்பை அகற்றுதல், வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிதல் எல்லாம் நம் லயங்களுக்குப் புதிதல்ல. காயம் ஆறிவிட்டதா என்று எல்லோரும் விசாரிக்கிறோம். காலுக்குள் இரத்தம் கட்டியாக உறையலாம் என்பதை யாரும் விசாரிப்பதில்லை. அதைத்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

நடக்கும்போது கெண்டைக்கால் தசை இரத்தத்தை மேலே தள்ளுகிறது. படுத்தே கிடந்தால் இரத்த ஓட்டம் மந்தமாகிறது. ஒப்பரேஷனில் இரத்தக் குழாய்கள் காயப்படலாம். இரத்தம் வீணாகாமல் இருக்க உடம்பும் அதைச் சீக்கிரம் உறைய வைக்கப் பார்க்கிறது. இந்த மூன்றும் சேரும்போது காலில் கட்டி உண்டாகலாம். அது கழன்று போய் நுரையீரலை அடைத்தால் சில நிமிடங்களில் உயிரே போகலாம். வீட்டுக்கு வந்ததும் ஆபத்து முடிந்துவிடாது. பிள்ளை பெற்றவர்கள் முதல் ஆறு வாரமும் கவனமாக இருக்க வேண்டும்.

இதைத் தடுக்க வழி உண்டு. இந்தியாவில் பிறந்து லண்டனில் பணிபுரிந்த சத்திரசிகிச்சை நிபுணர் கக்கார், பல நாட்டு வைத்தியர்களுடன் சேர்ந்து 4,121 நோயாளிகளிடம் செய்த ஆய்வு 1975இல் வெளிவந்தது. ஹெப்பரின் ஊசி போடாத பிரிவில் 16 பேர் நுரையீரல் அடைப்பால் இறந்தார்கள். குறைந்த அளவு ஊசி போட்ட பிரிவில் இறந்தவர்கள் 2 பேர் மட்டுமே.

ஆனால் இந்த ஊசி எல்லோருக்கும் தேவையில்லை. அது இரத்தப்போக்கைக் கூட்டவும் கூடும். யாருக்குப் போடுவது என்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். அவர் தீர்மானிக்க, நாம் உள்ளதைச் சொல்ல வேண்டும். முன்பு காலில் இரத்தக் கட்டி வந்ததா, குடும்பத்தில் யாருக்காவது வந்ததா, புற்றுநோய் உண்டா, கருத்தடை மாத்திரை எடுக்கிறீர்களா, வேறு என்ன மருந்து குடிக்கிறீர்கள் என்பதையெல்லாம் ஒப்பரேஷனுக்கு முன்பே சொல்லுங்கள். "எனக்கு இரத்தம் உறையாமலிருக்க என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். டிக்கோயாவானாலும் நுவரெலியாவானாலும் தமிழில் கேட்கத் தயங்க வேண்டாம். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழிதான்.

ஒப்பரேஷன் முடிந்ததும் வைத்தியர் அனுமதித்தவுடன் எழுந்து நடக்க வேண்டும். எழும்ப முடியாதவர்கள் படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் ஆட்டலாம். வீட்டுக்கு வந்தபின் செங்குத்தான படிகளில் ஏறி இறங்கச் சொல்லவில்லை. இஸ்தோப்பில் நாலு நடை நடந்தாலே உதவும். "தண்ணி குடித்தால் காயம் சீழ் பிடிக்கும்" என்று பாட்டிமார் சொல்வது அன்பினால்தான். ஆனால் தண்ணீர் குறைவதும் இரத்தம் உறைய ஒரு காரணம். வைத்தியர் தடுக்காவிட்டால் தாராளமாகக் குடியுங்கள். ஊசியைத் தொடரச் சொல்லியிருந்தால் பாதியில் நிறுத்தாதீர்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்து, தொட்டால் சூடாக இருந்தால் எண்ணெய் போட்டு உருவாதீர்கள். கட்டி கழன்றுவிடலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். திடீரென்று மூச்சு வாங்கினால், நெஞ்சு குத்தினால், இருமலில் இரத்தம் வந்தால், தோட்டத்து லொறிக்காகக் காத்திருக்க வேண்டாம். உடனே 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள். அதற்குக் காசு இல்லை. வந்தவர்களிடம் எந்த நாள் என்ன ஒப்பரேஷன் நடந்தது என்பதை முதலில் சொல்லி, டயக்னோசிஸ் கார்டைக் கொடுங்கள்.

இதில் நிர்வாகங்களுக்கும் பொறுப்பு உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து வருபவரை லயம் வரை கொண்டுவர வாகனம் வேண்டும். ஊசி தொடர வேண்டியவர்களுக்குத் தோட்ட டிஸ்பென்சரியிலேயே அதைப் போட ஏற்பாடு வேண்டும். வைத்தியர் கொடுத்த லீவு முடியுமுன் யாரையும் பெரட்டுக்குக் கூப்பிடக் கூடாது. இந்த மூன்றையும் அடுத்த பேச்சுவார்த்தையில் எழுத்தில் கேட்கப் போகிறோம். உங்கள் தோட்டத்தில் ஒப்பரேஷனுக்குப் பிறகு இப்படிச் சிரமப்பட்டவர்கள் இருந்தால், அவர்களின் சம்மதத்தோடு விபரங்களைத் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். கையில் விபரம் இருந்தால்தான் மேசையில் உறுதியாகப் பேச முடியும்.